2,400 கி.மீ. பறக்க ஏன் 4 மணி நேரம்?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடலாம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே 2,400 கி.மீ. என்று தூரக் கணக்கு காட்டுகிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று படித்திருக்கிறீர்கள். வகுத்தால் 2 மணி 40 நிமிடம். ஆனால் டிக்கெட்டில், இரு ஊர்களின் நேர வித்தியாசத்தைக் கழித்த பிறகும், போக 4 மணி நேரம், திரும்பி வர மூன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறது. தூரம் தப்பா, நேரம் தப்பா என்று கேட்கிறீர்கள். எந்த எண்ணை நம்பி மற்ற ஏற்பாடுகளைச் செய்வது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். விமானம் கிளம்பும் முன் பாதை, எரிபொருள், காற்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்ச் மேசையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுமே சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன.

தூரத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு பெருவட்டத்தின் (உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தின்) ஒரு துண்டு. அதன் நீளத்தைத்தான் தூரக் கணக்குகள் காட்டுகின்றன. இதைக் கையால்கூடப் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் ஏறக்குறைய கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது, நியூயார்க்கின் ஜேஎஃப்கே மேற்கு 74-இல். கூட்டினால் 178. அதாவது இரண்டும் பூமியின் நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன, நடுவில் குறுக்குவழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சிங்கப்பூரின் அட்சரேகை 1.4 டிகிரி, எனவே துருவம் வரை 88.6 டிகிரி. நியூயார்க் 40.6, துருவத்திலிருந்து அங்கே 49.4 டிகிரி. மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 கி.மீ. துல்லியமான மென்பொருள் காட்டும் எண்ணும் இதற்குச் சில கி.மீ. பக்கத்தில்தான் இருக்கும்.

அப்படியிருந்தும் தூரம் காட்டும் இரண்டு இணையதளங்கள் ஏன் கொஞ்சம் மாறுபட்ட தூரம் காட்டுகின்றன? ஒன்று பூமியை முழு உருண்டையாக, 6,371 கி.மீ. ஆரத்தோடு எடுத்துக்கொள்ளும். இன்னொன்று துருவங்களில் தட்டையான உருவத்தை எடுத்துக்கொள்ளும். இதனால் வரும் வித்தியாசம் அதிகபட்சம் அரை சதவீதம்தான். நிலையத்தின் எந்த இடத்திலிருந்து அளப்பது என்பதிலும் குழப்பமில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி ஒரு அதிகாரபூர்வப் புள்ளி உண்டு. தவிர, தூரம் கி.மீ.யிலா, சாதாரண மைலிலா, கடல் மைலிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விமானத் துறையில் புழங்குவது கடல் மைல், ஒன்று 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609 கி.மீ.தான். இதை மாற்றி வாசித்துவிட்டுக் கணக்கு இடிக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய.

இந்தத் தூரத்துக்குச் சட்ட மதிப்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதியில், விமானம் கடைசி நேரத்தில் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ கிடைக்கும் இழப்பீடு தூரத்தை வைத்து முடிவாகிறது. 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்பவை அதன் எல்லைக்கோடுகள். விமானம் எப்படிச் சுற்றிப் போனாலும் அங்கே செல்லுபடியாவது பெருவட்டத் தூரம்தான்.

ஆனால் அந்தக் கோட்டின் மேல் விமானம் அப்படியே பறப்பதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ, அன்று எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ, அதற்கேற்பத்தான் கிளம்ப முடியும். கிழக்கே போக வேண்டிய விமானம் மேற்கே பார்த்து ஏறி, வளைந்து திரும்பி வருவது தினமும் நடக்கிறது. பிறகு அந்த நிலையத்துக்கென்று வகுத்த புறப்பாட்டுப் பாதை, நடுவில் வான்வழிகள், ராணுவத்துக்கு ஒதுக்கிய பகுதிகளைச் சுற்றிப் போவது, கடைசியில் வருகைப் பாதை. நெரிசலான நிலையம் என்றால் வரிசையில் காத்திருக்க வட்டமடிப்பதும் சேர்ந்துகொள்ளும். லண்டன் ஹீத்ரோவுக்கு இப்படி வட்டமடிக்க நான்கு இடங்கள் நிரந்தரமாகவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்து சாதாரணமாகப் பெருவட்டத் தூரத்தைவிடச் சில சதவீதம் கூடும்.

சில சமயம் சதவீதக் கணக்கெல்லாம் எடுபடாது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ நரிட்டாவுக்குச் சுமார் 7,800 கி.மீ. குறுக்குவழி ரஷ்யாவின் மேல். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரம் போல ஆன பயணம் ஏறக்குறைய 13 மணி நேரமாகிவிட்டது. பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏர் வட துருவத்தின் மேலேயும் தெற்கே சுற்றியும் பறக்க வேண்டியதாயிற்று (துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்). தூரம் காட்டும் கணக்கில் இன்றைக்கும் அதே 7,800 கி.மீ.தான் வரும். நீங்கள் போகிற தடத்தில் இப்படி ஏதாவது மூடப்பட்ட வான்வெளி குறுக்கிட்டால், நான் கீழே சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்தது அந்த மணிக்கு 900 கி.மீ. அது எல்லா விமானங்களுக்கும் பொருந்தும் எண் கிடையாது. ஜெட் விமானங்கள் மேலே ஒலியின் வேகத்தில் ஒரு பங்காகத்தான் வேகத்தைப் பிடிக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரி விமானங்கள் அதில் 78 சதவீத வேகத்தை ஒட்டிப் பறக்கின்றன, அது கிட்டத்தட்ட 830. ஏ350, 787 மாதிரிப் பெரிய விமானங்கள் 85 சதவீதம், அதாவது 900. 2,400 கி.மீ. தடத்தில் பெரும்பாலும் ஓடுவது முதல் வகை. அதுவும் ஏறி முடித்த பிறகுதான் அந்த வேகம். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே வேகமானி 250 நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அளவைத் தாண்டக் கூடாது, அதாவது மணிக்கு 463 கி.மீ. ஏறும்போதும் இறங்கும்போதும் இழக்கும் நேரம் குறுகிய பயணத்தில் பளிச்சென்று தெரியும், நீண்ட பயணத்தில் கரைந்துவிடும்.

இனி காற்று. போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். விமானத்தின் வேகம் அதைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், ஆற்றில் போகும் படகு மாதிரி, தரையோடு ஒப்பிட்ட வேகம் கூடும் அல்லது குறையும். நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் மையத்தில் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரை வேகம் ஒரு கட்டத்தில் 1,320 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இல்லை, சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேரும், ஊர் எதிரே வருமே என்று ஒரு வாதம் இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் கீழே வந்து நிற்கும். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. அந்த வாதம் உண்மையாக இருந்தால் கிழக்கே போகும் எந்தப் பயணிகள் விமானமும் ஊர் போய்ச் சேராது. சுழற்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் முடியாது. ஜெட் ஸ்ட்ரீம் உருவாவதற்குத் துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்துதான் காரணம்.

எங்கள் மேசையில் தரைத் தூரத்தோடு காற்றுத் தூரம் என்று ஒன்றையும் பார்ப்போம். ஹீத்ரோவிலிருந்து ஜேஎஃப்கே 5,540 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 900-இல் பறக்கும் விமானத்துக்கு வழிநெடுக 100 கி.மீ. எதிர்க்காற்று என்றால், அது காற்றுக்குள் 6,230 கி.மீ. பறந்தால்தான் போய்ச் சேரும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 4,990 போதும். எரிபொருளும் நேரமும் இந்த எண்களைப் பொறுத்தவை. போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் கழியும் நேரம் அதிகம், பின்காற்றில் கழியும் நேரம் குறைவு. மேலே சொன்ன கணக்கில் போக 6 மணி 55 நிமிடம், வர 5 மணி 32 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து 12 மணி 19 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதனால்தான் குறைந்த தூரப் பாதை எப்போதும் குறைந்த நேரப் பாதையாக இருப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பல நாட்களில் துருவத்தை விட்டுவிட்டு, பசிபிக் கடலைக் கடந்து, பின்காற்றைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் கி.மீ.க்கும் மேல் கூடுதலாகப் பறக்கிறது. வட அட்லாண்டிக்கில் காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் தடங்களைப் புதிதாக வகுக்கிறார்கள், பகலில் மேற்கே போக ஒரு தொகுப்பு, இரவில் கிழக்கே வர இன்னொன்று. நேற்று நீங்கள் திரையில் பார்த்த பாதை இன்றைக்கு இருக்காது.

அப்புறம் டிக்கெட்டில் இருக்கும் நேரம். அது பறக்கும் நேரம் கிடையாது. கேட்டிலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேருமிடத்தில் கேட்டில் வந்து நிற்கும் வரை உள்ள நேரம், துறையில் பிளாக் டைம் என்போம். புஷ்பேக் (வண்டி வைத்து விமானத்தைக் கேட்டிலிருந்து பின்னுக்குத் தள்ளுவது), டேக்ஸி (விமானம் தரையில் ஊர்ந்து போவது), ஓடுபாதை முனையில் வரிசை, இறங்கிய பிறகு மறுபடியும் டேக்ஸி எல்லாம் அதற்குள் அடக்கம். இது நிலையத்துக்கு நிலையம் மட்டுமல்ல, ஓடுபாதைக்கு ஓடுபாதை மாறும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போலில் போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையக் கட்டடத்திலிருந்து பல கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கினால் கேட்டுக்கு வரக் கால் மணி நேரம் போல ஆகும், அதே விமானம் பக்கத்து ஓடுபாதையில் இறங்கினால் சில நிமிடம்தான். இந்த மேல்செலவை அறவே ஒழித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்குப் போக வேண்டும். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே 2.7 கி.மீ. லோகன்ஏரின் சின்ன விமானம் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும், சாதனை நேரம் 53 விநாடி. பெரிய நிலையத்தில் 53 விநாடியில் புஷ்பேக் வண்டியையே கழற்றி முடித்திருக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். 2,400 கி.மீ.யோடு சுற்றுப்பாதைக்காக நான்கு சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 2,500. மணிக்கு 830 கி.மீ. வேகம், போகும்போது சராசரி 60 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரை வேகம் 770, ஆகும் நேரம் 3 மணி 15 நிமிடம். ஏற்ற இறக்கத்தில் இழப்பது 10 நிமிடம். கிளம்பும்போது டேக்ஸிக்கு 15, இறங்கிய பிறகு 7. மொத்தம் 3 மணி 47 நிமிடம். வரும்போது தரை வேகம் 890, மற்றதெல்லாம் அதேபோல் வைத்தால் 3 மணி 21 நிமிடம். உங்கள் டிக்கெட்டில் இருப்பது 4 மணியும் மூன்றரை மணியும். மிச்சமிருக்கும் 13 நிமிடமும் 9 நிமிடமும் நிறுவனம் வைத்திருக்கும் கூடுதல் அவகாசம்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தூரம் உறுதி. விமானத்தின் வேகம், வகை தெரிந்தால், பெரும்பாலும் உறுதி. நான்கு சதவீதம், 10 நிமிடம், 15 நிமிடம் எல்லாம் அனுபவத்தில் வழக்கமாக வரும் எண்கள், உங்கள் நிலையங்களில் பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருக்கலாம். 60 கி.மீ. காற்று என்பது, போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து நானாகப் பின்னோக்கிப் போட்டது. நீங்கள் போவது மேற்கே என்று அதிலிருந்துதான் ஊகித்தேன், ஊர்ப் பெயரை நீங்கள் எழுதவில்லை.

கூடுதல் அவகாசம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நிறுவனங்கள் அதே தடத்தில், அதே பருவத்தில், அதே வேளையில் முன்பு ஆன நேரங்களை எடுத்து, பெரும்பாலான நாட்களில் மீறாத ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன. சராசரியைப் போட்டால் பாதி நாட்கள் தாமதம் என்று பெயராகும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கிடுகிறது. அந்தப் பட்டியலில் நல்ல இடம் பிடிக்க அவகாசத்தைக் கூட்டுவதும் நடக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இணைப்பு விமானம் பிடிக்க வேண்டிய பயணிக்கு, நாணயமான நீண்ட நேரம் ஆசைகாட்டும் குறுகிய நேரத்தைவிட எவ்வளவோ மேல்.

சீக்கிரம் போக முடிந்தும் போகாத நாட்களும் உண்டு. வேகம் கூடினால் எரிபொருள் எரியும். முன்னதாகப் போய்ச் சேர்ந்தாலும் கேட் காலியாக இருக்காது. சில இடங்களில் நிலையமே திறந்திருக்காது. ஃபிராங்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வழக்கமான விமானங்களுக்குத் தடை. விடியற்காலை அங்கே சேரும் நீண்ட தூர விமானத்துக்குப் பின்காற்று பலமாக இருந்தால், விமானி வழியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

நேர மண்டலத்தை நீங்கள் ஏற்கெனவே கழித்துவிட்டதால் அதை நீட்டவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கோடைக்கால நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் மாறுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் வித்தியாசம் ஒரு மணி நேரம் தவறிப்போகும். சமோவாவின் அப்பியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. குறுகிய தூரம்தான், ஆனால் நடுவில் தேதிக்கோடு. செவ்வாய் காலை ஏறினால் திங்கள் காலை இறங்குவீர்கள்.

சரி, எதை நம்புவது? கார்பன் கணக்கு, இழப்பீடு இவற்றுக்குப் பெருவட்டத் தூரம். ஊரே முடிவாகாமல் தோராயமாகத் திட்டம் போடும்போது, கி.மீ.யை 800-ஆல் வகுத்து 40 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் 2,400-க்கு 3 மணி 40 நிமிடம் வரும், போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் ஏறக்குறைய நடுவில். 500 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கும் புரொப்பல்லர் விமானத்துக்கும் இந்தச் சூத்திரம் உதவாது. டிக்கெட் எடுத்த பிறகு அதில் உள்ள நேரத்தை மட்டும் பாருங்கள். முடிந்தால் அதே எண்ணுள்ள விமானம் கடந்த சில வாரங்களில் எப்போது கேட்டுக்கு வந்தது என்று கண்காணிப்புச் செயலியில் பாருங்கள், ஆனால் பருவம் மாறினால் அந்த எண்களும் மாறிவிடும், ஜூலை மாத நேரத்தை வைத்து ஜனவரிக்குத் திட்டம் போடக் கூடாது. அழைத்துப்போக வருபவருக்கு இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். கேட்டில் நின்ற பிறகும் கதவு திறக்கச் சில நிமிடம் ஆகும். ஐரோப்பிய நீதிமன்றமே 2014-இல், வந்து சேர்ந்த நேரம் என்பது விமானத்தின் ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற கணம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகும் குடியேற்ற வரிசை, பெட்டிகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டு விமானங்களும் தனித்தனி டிக்கெட் என்றால், முதலாவது தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது, அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி விட நான் யாருக்கும் சொல்வதில்லை. நிலையங்களின் பெயரையும் பயண மாதத்தையும் எழுதினால், அந்தப் பருவத்தில் அங்கே வழக்கமாக அடிக்கும் காற்றை வைத்து இதைவிட நெருக்கமான கணக்கு ஒன்றைப் போட்டுத் தருகிறேன்.